சேலம் ரோடு வரைக்கும் வெள்ளைக்கல்

பிப்ரவரி 5, 1935. செவ்வாய்

இன்று வீட்டை விட்டுப் புறப்பட்டேன். போய்ச் சேரவில்லை.

மத்தியானம் இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும், இரண்டு புடவை, ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். மேற்கே நடந்தால் நாமக்கல்–சேலம் ரோடு வரும், புளியமரத்தடியில் நின்று கை காட்டினால் பஸ் நிற்கும் என்று பக்கத்துக் காட்டு ஆராயி ஒரு தடவை சொல்லியிருந்தாள். மேற்கே என்று சொல்வது சுலபம். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வேலமுள், அதே செம்மண், அதே கல். கொல்லிமலை கிழக்கே இருக்கிறது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பவளுக்கு மலை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவள் நான்.

கை முழுக்கக் கீறல். கடைசியில் ஓர் ஊஞ்சமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மொட்டைக் கட்டையில் நீலமாக ஒரு குருவி. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். இருவருக்கும் வேறு வேலை இல்லை.

பொழுது இறங்கும்போது இவர் ரயில்வே லாந்தரோடு வந்து நின்றார்.

"இங்கே என்ன பண்றே, இன்னாசி?"

"குருவி பார்க்க வந்தேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கட்டையைப் பார்த்தார். "பனங்காடை," என்றார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பை கனமாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் லக்கேஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நம்பிவிட்டார். சுத்த அப்பாவி.

பிப்ரவரி 6, புதன்

விடிவதற்கு முன்பே எழுப்பிவிட்டார். "குருவி பார்க்கணும்னா மத்தியானம் போகக்கூடாது. இப்பத்தான் போகணும்."

காலெல்லாம் வலி. சொல்ல முடியுமா? ஆசைப்பட்டவள் நான்தானே. வாசலில் நின்று தம்முடைய ரயில்வே விசிலை ஊதினார். பிறகுதான் புறப்பட்டோம். இரண்டு பேர் போவதற்கு விசில் எதற்கு என்று கேட்டேன். "புறப்படறோம்னு தெரிய வேண்டாமா?" என்றார். யாருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் முன்னால், நான் பின்னால். கூஜா என் கையில். இரண்டு கவுதாரி பார்த்தோம். கவுதாரிகள் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிப்போயின. அவற்றுக்கு வழி தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 9, சனி

காலில் முள். இன்றைக்கும் போனோம்.

பிப்ரவரி 11, திங்கள்

நான் ஏன் போகப் பார்த்தேன் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் குருவிகளின் நடுவே மறந்துபோகும்.

கலியாணமாகி முப்பது வருஷம். அதில் சேர்ந்து வாழ்ந்தது லீவு நாட்களில் மட்டும். அவர் மொரப்பூர், சாமல்பட்டி, மாவெலிபாளையம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்க்கொண்டிருந்தார். நான் சேலத்தில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். பிள்ளை பிறக்கவில்லை. லீவில் வருவார், போவார். வரும்போது நல்ல மனுஷர். ஒரு வாரத்துக்கு யார்தான் நல்ல மனுஷர் இல்லை?

ரிட்டயர் ஆனதும், ரயில் சத்தமே காதில் விழாத இடத்தில் கண்ணை மூட வேண்டும் என்றார். சேலம் ஜில்லாவில் ரயில் எட்டிப் பார்க்காத பக்கமாகத் தேடி இந்த மேட்டுக்காட்டை வாங்கினார். என்னைக் கேட்கவில்லை. வந்து எட்டு மாதமாகிறது. பகல் முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பேர். அவர் பேசுவதில்லை. பேசினால் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். உப்பு வேண்டுமென்றால் "உப்பு" என்பார். பேசாத மனுஷரோடு பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. என் குரல் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

அவ்வளவுதான். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்.

பிப்ரவரி 14, வியாழன்

கரட்டின் மேல் ஏறினோம். கரடு என்பது மலையாக வளர மறந்துபோன பாறை. மேலே காற்று நன்றாக இருந்தது. இறங்கும்போது ஓர் ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. "நில்லு," என்றார். நின்றேன். என் காலுக்கு முன்னால், பொட்டல் தரையில், கல்லோடு கல்லாக நான்கு முட்டை. ஒரு குச்சி இல்லை, ஒரு புல் இல்லை. வெறும் தரை.

"கூடு கட்டாதா?"

"இதுதான் கூடு."

என் வீட்டைப் பற்றித்தான் சொன்னாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

பிப்ரவரி 18, திங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து செல்வமேரி அக்கா கடிதம் போட்டிருக்கிறாள். மாடி அறை காலியாக இருக்கிறதாம். கோயில் பக்கம், கடைத்தெரு பக்கம், பேசுவதற்கு ஆள் பஞ்சமில்லை. "அவரைத் தனியாகத்தான் இருந்து பார்க்கச் சொல்லேன்" என்று எழுதியிருக்கிறாள்.

முடிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் திருநாள் கழித்துப் போய்விடுவது. திரும்பி வருவதில்லை. இந்தத் தடவை வழி தெரிந்துகொண்டு போக வேண்டும். வழி தெரிய வேண்டுமென்றால் காட்டில் நடந்து பழக வேண்டும். ஆகையால் நாளையும் குருவி.

பிப்ரவரி 25, திங்கள்

இவருக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நாலைந்து நாளாகக் கல் பொறுக்குகிறார். பெரிய கல்லாகப் பார்த்துக் கூடையில் சுமந்து வந்து வாசலில் குவிக்கிறார். இன்று சுண்ணாம்பு கரைத்து ஒவ்வொன்றுக்கும் வெள்ளையடித்தார். ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் ஓரம், பூச்செடிப் பாத்தி, தண்ணீர்த்தொட்டி, அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தவர். இங்கே நான்தான் பாக்கி.

"எதுக்கு இது?"

"ஒழுங்கா இருக்கும்."

பிப்ரவரி 28, வியாழன்

பின்வாசலிலிருந்து கல்லை வரிசையாகப் பதித்துக்கொண்டே போகிறார். நூல் பிடித்த மாதிரி நேராக. ஓடையில் இறங்கி, ஏறி, ஆராயி காட்டு மூலையில் ஒன்று போட்டு, அப்புறமும் போகிறது. கோடைகாலம், காட்டில் வெள்ளாமை இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாடு மேய்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு மானம் போகிறது.

மார்ச் 6, புதன்

சாம்பல் புதன். பூசைக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி பிடித்தேன். இவர் கல் பதித்து முடித்துவிட்டார்.

மார்ச் 8, வெள்ளி

இவர் தூங்கும்போது கல்லைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நடந்து பார்த்தேன். கடைசிக் கல் எங்கே இருக்கிறது தெரியுமா? சேலம் ரோட்டில், பஸ் நிற்கிற அதே புளியமரத்தடியில்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. நான் ஓடிப்போவதற்கான வழியை அவரே சுண்ணாம்படித்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ரயில்வேக்காரருக்கு லைன் என்றால் ஒரு முனையில் வண்டி நிற்க வேண்டும், அதுதான் பழக்கம். மனுஷரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இருந்தாலும் ஈஸ்டர் ஈஸ்டர்தான்.

மார்ச் 13, புதன்

ஆராயி வந்தாள். ஆராயி புருஷன் இல்லாதவள், ஒண்டி ஆளாக ஆடு வைத்துப் பிழைக்கிறாள். வழக்கமாக வந்ததும் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். இன்று நின்றுகொண்டே பேசினாள்.

"ஏனுங் வாத்தியாரம்மா, ரயிலு எங்க காட்டு மேலதான் போகுதுங்களா?"

"எந்த ரயில்?"

"மறைக்காதீங்க சாமி. டேசன் மாஸ்டரு வந்து குடியிருக்கறாரு, சேலத்து ரோட்டு வரைக்கும் கல்லு நட்டுட்டாரு. ஊரே பேசுது. உங்க ஊட்டுலதான் டேசனு வருதாமுங்க."

அது வெறும் கல், ரயிலுமில்லை ஒன்றுமில்லை என்றேன். ஆராயி என்னைப் பாவமாகப் பார்த்தாள். "ஆம்பளைங்க ஆபீசு சமாச்சாரம், உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாருங்க," என்றாள்.

மார்ச் 14, வியாழன்

மணியக்காரர் சின்னண்ணன் நேராக இவரிடமே வந்து கேட்டுவிட்டார். ரயில் வருகிறதா, இல்லையா?

"எனக்கு எந்த உத்தரவும் வரலைங்க," என்றார் இவர்.

நிஜம். ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்கிற விதம் இருக்கிறதே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்தில் ஸிக்னலைப் பார்க்கிற மாதிரி. மணியக்காரர் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். "சரிங்க சரிங்க, உத்தரவு வாரப்ப வரட்டும்," என்று எழுந்து போனார்.

இனி கடவுளே வந்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு லைன் அவருடைய பனைமரத்தை விட்டு அந்தப் பக்கமாகப் போக வேண்டும். ஒருவருக்கு லைன் அவருடைய காட்டுக்குள் கட்டாயம் வர வேண்டும். மூன்றாமவர் மகனுக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை கேட்டுத் தயிர்ப்பானையோடு வந்தார்.

இவர் எல்லோரிடமும் "பார்க்கலாம்" என்றார். தயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்த மட்டும் நல்லது. ஆனால் சாயங்காலம் மீசையைக் கத்தரித்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து கறுப்புக் கோட்டை வெயிலில் போட்டிருக்கிறார்.

விசில் சத்தம் கூட இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

மார்ச் 21, வியாழன்

சிரிப்பு போதும்.

ஆராயியின் பழைய கிணறு வற்றிவிட்டது. புதுக் கிணறு வெட்ட ஆள் பேசி, காட்டு மூலையில் ஊற்று பார்த்துக் குறி போட்டு வைத்திருந்தாளாம். இவருடைய கல் சரியாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. வெட்டுகிற ஆட்கள் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்கிறார்கள். சர்க்கார் கல்லைப் பெயர்த்தால் ஜெயில் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெட்டினாலும் நாளைக்கு ரயில்காரன் வந்து மூடிவிடுவான் என்று ஆராயியே நம்புகிறாள்.

"ரயிலுக்கு முன்னால கெணறு எம்மாத்தரமுங்க," என்றாள். அழவில்லை. எங்கள் கிணற்றிலிருந்து ஆட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போகிறாள். எங்கள் கிணற்றிலேயே வாளி தரையைத் தட்டுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். நாளைக்கே போய், ரயில் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

"நான் வருதுன்னு சொல்லவே இல்லையே."

"இல்லைன்னும் சொல்லலை."

"இல்லைன்னா, பின்னே எதுக்குக் கல்லுன்னு கேட்பாங்க."

"எதுக்கோ, அதைச் சொல்லுங்க. வெள்ளையடிக்கிற பைத்தியம்னு சொல்லுங்க."

இவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மார்ச் 22, வெள்ளி

இரண்டு பேரும் பேசவில்லை. குருவி பார்க்கவும் போகவில்லை.

இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. முப்பது வருஷம் பிளாட்பாரத்தில் எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். அது இனிக்கிறது. அதற்காக ஒரு பொம்பளை ஆடு மாட்டோடு சாக வேண்டுமா? எங்கே போனாலும் இந்த ஆம்பளைகளுக்கு ஒரு தொப்பி வேணும். தூ.

மார்ச் 27, புதன்

கடைசியில் இவர் ஒன்று செய்தார். விடியற்காலையில் போய் ஆராயி காட்டு மூலைக்கல்லை மட்டும் பெயர்த்து, இந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். சந்தடியில்லாமல் தீர்ந்தது என்று நினைப்பு.

பத்து மணிக்கெல்லாம் அடுத்த காட்டுக்காரர் செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். லைன் திரும்பி அவர் காட்டுக்குள் வருகிறதாம். அவர் போனதும் ஆராயி வந்தாள். இன்றைக்குத் தள்ளினவர்கள் நாளைக்குத் திருப்பிப் போட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம் என்று கிணற்றுக்காரர்கள் கேட்கிறார்களாம்.

நானே ஊருக்குள் போய், வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் மோர் கொடுத்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

கிணற்றுக்காரர்கள் திங்கட்கிழமை வேறு ஊருக்குப் போகிறார்கள். இனி ஆடி கழித்துத்தான் வருவார்களாம். ஆராயி ஆடுகளைச் சேந்தமங்கலம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, எடப்பாடியில் தம்பி வீட்டுக்குத் தறி வேலைக்குப் போகப் போகிறாள். நெசவு தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. ராட்டையாவது சுத்த மாட்டனுங்களா," என்றாள்.

இவரிடம் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. "அவ போனா, அது நாம துரத்தினதுதான்" என்று மட்டும் சொன்னேன்.

"இதைச் சொன்னா உனக்குத்தான் கஷ்டம், இன்னாசி," என்றார்.

எனக்கு என்ன கஷ்டம்? ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டி என்கிற பட்டமா? அதை இந்தச் சுண்ணாம்புச் சட்டிக்குள் போடுங்கள் என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மணியக்காரர் சாவடி முன்னால் ஊரைக் கூட்டியிருந்தார். இவர் கேட்டுக்கொண்டாராம். கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. வேட்டி, துண்டு. நான் பொம்பளைகளோடு பின்னால் ஆராயி பக்கத்தில் நின்றேன்.

"ரயில் வரலைங்க," என்றார். "சர்வேயும் இல்லை. கல்லு நான் போட்டது."

"போட்டது நீங்கதான்னு தெரியுமுங்க," என்றார் மணியக்காரர். "எதுக்குப் போட்டீங்க? அதைச் சொல்லுங்க."

இவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார். "என் சம்சாரத்துக்குங்க."

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

"தை மாசத்துல ஒரு நாள் அவ என்கிட்டச் சொல்லாமச் சேலத்துக்குக் கிளம்பினா. ரோட்டுக்குப் போற வழி தெரியலை. முள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டா. கையெல்லாம் கீறல். பொழுது இறங்கற நேரம். நான் தேடிப் போகாட்டி என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னும் தூக்கம் வரலை. மறுபடி போனாலும் போவா. அப்ப வழி தப்பக்கூடாதுன்னு போட்டேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

செங்கோடன் மெதுவாகக் கேட்டார்: "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு நீங்களே வழி போட்டுக் குடுத்தீங்களாக்கும்?"

"ஆமாங்க."

அப்புறம் சிரித்தார்கள். ஊர் மொத்தமும் சிரித்தது. மணியக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் நடுவில் நின்று எல்லோரும் சிரித்து முடிகிற வரைக்கும் காத்திருந்தார். சிரித்த பிறகு எல்லோரும் நம்பினார்கள். அப்படி ஒன்றை எந்த ஆம்பளையும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டான் என்று மணியக்காரரே சொல்லிவிட்டார்.

ஆராயி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் என்று நினைத்திருப்பார்கள். வெட்கமும்தான்.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததை இன்று எழுதுகிறேன்.

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?" என்றேன்.

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாம்."

"நான் கொடி காட்டினா நிக்கறதுக்கு நீ என்ன கூட்ஸ் வண்டியா?" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பாவி என்று எழுதியிருந்தேன் இவரை. என் பையில் இரண்டு புடவை இருந்தது இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் விடியற்காலையில் எழுப்பி, கவுதாரி காட்டி, முட்டை காட்டி, விசில் ஊதி... இங்கே பார்க்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குக் காட்டப் பார்த்தாரா? இன்னொரு பக்கம் போவதற்குக் கல்லும் போட்டாரா? என்ன மனுஷர் இவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு சுண்ணாம்பு மிச்சமாகியிருக்கும்.

ஆராயி காட்டில் கிணறு வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

என்னால் இனி நிம்மதியாக நடக்க முடியாது. காட்டில் இறங்கினால் மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம், "வாத்தியாரம்மா, ரோடு அந்தப் பக்கமுங்க," என்று கை காட்டுகிறார்கள். இன்று செங்கோடன் பெண்டாட்டி தன் வீட்டு முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டு, "எங்கூட்டுக்காரரு எனக்கு ஒரு கூழாங்கல்லு கூடப் போட்டதில்லீங்க," என்றாள். கிண்டலா, ஏக்கமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். இவரும் நானும் கல்லைப் பெயர்த்தோம். ஊர்க்காரர்களிடம் அவர் கொடுத்த வாக்கு. ஆராயி கிணற்று வாய்க்குச் சுற்றுச்சுவர் கட்டக் கேட்டாள், எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டோம். புளியமரத்தடியில் கடைசிக் கல்லைத் தூக்கியபோது சேலம் பஸ் வந்தது. டிரைவர் எங்களுக்காக நிறுத்தினார். இவர் என் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிரைவரைப் போகச் சொன்னேன்.

திரும்பும்போது அவர் முன்னால் போகவில்லை. கூடை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

"திருநாள் முடிஞ்சு அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா," என்றார். பிறகு அதைத் திருத்தினார். "போ. இருக்கறவரைக்கும் இரு."

ஏப்ரல் 21, ஞாயிறு

ஈஸ்டர். நாமக்கல்லில் பூசை. சாமியார் அல்லேலூயாவை ராகம் தப்பிப் பாடினார். கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆராயி ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். செந்நிறமாக இருந்தது. குடித்தோம்.

ஏப்ரல் 22, திங்கள்

சேலம் வந்துவிட்டேன். ரோடு வரைக்கும் இவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் எப்போது வருவேன் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். மாடி அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடைத்தெரு.

ஏப்ரல் 24, புதன்

அக்கா பேசுகிறாள். வருகிறவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். நானும் பேசுகிறேன். காலையில் பூசை, மத்தியானம் பேச்சு, சாயங்காலம் கடைத்தெரு. எல்லாம் நான் கேட்டதுதான். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமில்லை. செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட் ஸ்டேஷனில் பெட்டிகளைக் கோத்து மாற்றுகிற ஷண்டிங் சத்தம். இந்தச் சத்தத்தை முப்பது வருஷம் ஒரு மனுஷர் எப்படித் தாங்கினார்?

அக்காவிடம் பனங்காடையைப் பற்றிச் சொன்னேன். "அது பொரிக்க நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

வந்துவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். "நாலு நாள்லயா? எதுக்கு வந்தே, எதுக்குப் போறே?" என்றாள். அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, இவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இதை அறுபது வயதுக்குப் பக்கத்தில் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

பஸ் ஓரிடத்தில் பழுதாகி நின்று, புளியமரத்தடியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கல் ஒன்றும் இல்லை. கல் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குழி, அதையும் காற்று பாதி மூடிவிட்டது. பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். பூச்சி விழுந்து செத்துப்போன சப்பாத்திக்கள்ளிப் புதர், அதற்கு வலப்பக்கம் ஓடை. ஓடையில் இறங்கி ஏறினால் ஆராயி காட்டுக் கிணற்று மண் மேடு. அதைத் தாண்டினால் எங்கள் வேலி. எங்கும் நிற்கவில்லை, யாரையும் கேட்கவில்லை.

இவர் அடுப்படியில் கீழே உட்கார்ந்து பழைய கம்பங்கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"ஏதாவது மறந்து வெச்சிட்டுப் போயிட்டியா?"

"இல்லை."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"ஒருத்தரும் இல்லை. நானே வந்தேன்."

கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் வரவில்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.